பிழைத்தவை இரண்டு

காலையில் வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் அவள் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

இருபது பழ ஈக்களில் பதினெட்டு செத்துக் கிடந்தன. இரண்டு மட்டும் குழாயின் சுவரில் மேலும் கீழும் உலாத்திக்கொண்டிருந்தன.

மருந்து கலக்காத பக்கத்துக் குழாயில் இருபதும் காலி.

இந்த ஈக்களுக்கு ஒரு பிறவிக் குறை. கிருமி நுழைந்தால் உடம்பை எழுப்ப வேண்டிய மணி இவற்றுக்கு அடிக்காது. உடம்பும் ஒன்றும் தெரியாமல் சும்மா இருக்கும். கிருமி தோய்த்த ஊசியால் ஒரு குத்து, மறுநாள் கதை முடிந்துவிடும்.

வீட்டில் இருக்கும் ஆறு வயது மகள் வாலுவுக்கும் அதே குறைதான். கிருமி நுழைந்தாலும் காய்ச்சல்கூட வராது. பிள்ளையின் நெற்றி சுட்டால் மற்ற அம்மாக்கள் பதறுவார்கள். இவள் சுடாத நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பதறுகிறவள்.

அந்த மணியை எப்படியாவது அடிக்க வைக்க, மூன்று வருடமாக அவளும் கணவனும் இந்த ஈக்களின் தீனியில் மருந்து மருந்தாகக் கலந்து பார்க்கிறார்கள். இதுவரை ஒன்றுகூடப் பிழைத்ததில்லை.

நேற்று மருந்து தின்ற இருபதையும் ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக்கொண்டு குத்தினார்கள். அவளுடைய பத்தாவது ஈ மயக்கத்தில் ஒரு காலை உதைத்தது. வாலு தூக்கத்தில் உதைப்பாளே, அதே மாதிரி. அவளுக்குக் கை வரவில்லை. குத்தாமலே தூரிகையால் தள்ளி மற்றவற்றோடு சேர்த்துவிட்டாள்.

கணவனிடம் மூச்சு விடவில்லை. வேலையில் அவன் அவ்வளவு கறார். ஊசியைக் கையில் எடுத்தால் சொந்த மாமனாரையே தெரியாது என்று கேலி செய்வாள்.

ஆகவே, இரண்டில் ஒன்று கணக்கில் சேராது. ஆனால் இன்னொன்று?

மருந்து வேலை செய்திருக்கிறது!

கணவன் பின்னால் வந்து நின்று குழாயைப் பார்த்தான். அவன் கண் கலங்கியது. அந்தக் கண்ணுக்கு முன்னால் அவளால் மறைக்க முடியவில்லை.

"திட்டாதீங்க. இதுல ஒண்ணு நம்ம வாலு மாதிரியே கால உதைச்சுது. அதை நான் குத்தலை. ஆனா இன்னொண்ணு நிஜமாவே பொழைச்சிருக்குங்க!"

அவன் இரண்டு ஈக்களையும் மாறி மாறிப் பார்த்தான். முகத்தில் இருந்த சந்தோஷம் மெல்ல வடிந்தது. பிறகு அவள் தோளில் கை வைத்தான்.

"அது நான் விட்டதும்மா. அதுவும் உதைச்சுது."