ஆமை கேட்ட ஒரே கேள்வி

புதிதாக எந்தச் செயலி வந்தாலும் மைனாதான் முதல் ஆளாகச் சேரும். சேர்ந்த கையோடு, மரத்தடிக் குளத்தில் இருக்கும் ஆமைக்கும் ஓர் அழைப்பு அனுப்பிவிடும். "சீக்கிரம் வா, இதுதான் சூப்பர்!"

ஆமையும் சளைக்காது. ஆனால் அது ஆறு எண்ணையும் தட்டி முடிப்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். மறுபடி கேட்டு, மறுபடி தட்டி, ஒருவழியாக உள்ளே நுழையும்போது மைனா அடுத்த செயலிக்குப் போயிருக்கும்.

இப்படி ஏழு ஆயிற்று. எட்டாவது வந்ததும் அவசரத்தில் முதலில் ஆமைக்குச் சொல்லிவிட்டுப் பதிவிறக்கம் செய்யப் பார்த்தால், மைனாவின் போனில் இடமில்லை. பழையதையெல்லாம் அழிக்க உட்கார்ந்தது.

முதல் செயலியைத் திறந்தது. படிக்காத செய்தி ஒன்றே ஒன்று, ஆமையிடமிருந்து: "சாப்பிட்டியா?" இரண்டாவதிலும் அதேதான். ஏழாவது வரைக்கும் அதேதான்.

மைனா போனைக் கிளையிலேயே வைத்துவிட்டுக் குளக்கரைக்குப் பறந்து வந்தது.

"இன்னும் சாப்பிடலை. வா, சேர்ந்தே சாப்பிடலாம்."

ஆமை போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கொஞ்சம் இரு மைனா. இந்தத் தடவை உனக்கு முன்னாடியே நான் உள்ளே போயிட்டேன். அங்கேதான் உன்னைத் தேடிக்கிட்டிருக்கேன்."