வாசல் பக்கத்தில் ஒரு பை

“வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே வாசல் பக்கத்துல ஒரு பையத் தயாரா வச்சிருக்கணும்” என்று கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தாள் கிருஷாந்தி. ஈப்போவிலிருந்து வந்த அதிகாரி. தலையை நிமிர்த்தவே இல்லை.

“எந்த வாசல்ல?” என்றேன்.

“உங்க வீட்டு வாசல்லதான் அங்கிள்.”

பின்னால் சிலர் சிரித்தார்கள். என் மனைவி காத்தாயி என் தொடையில் கிள்ளினாள். நான் அடங்கவில்லை.

“பையில அடையாள கார்டு ஐசி, டார்ச், தினம் சாப்பிடுற மருந்து எல்லாம் இருக்கணும்.”

“இவளோட நெஞ்சு வலி மாத்திர ஒன்னுகூட இல்ல. அத எப்பத் தருவீங்க?”

“மருந்து நாங்க பாக்கறதில்ல அங்கிள். கிளினிக்ல கேளுங்க.”

“அப்ப பையையாவது முன்னாடியே தந்திருக்கலாமில்ல?”

“போன மாசமே வந்துருச்சு. டத்தோ கையால குடுக்கணும்லா. அவருக்கு இன்னிக்குதான் நேரம் கிடைச்சிச்சு.”

தொகுதியின் அரசியல் தலைவரான டத்தோ வந்தார். பையை நீட்டினார்.

“கேமராவப் பாத்துச் சிரிங்க அண்ணே” என்றான் படம் எடுத்தவன்.

“நீ சிரிடா” என்று பையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன்.

திறந்து பார்த்தேன். ஒரு டார்ச், ஒரு விசில், மருந்து போட்டு வைக்க ஒரு காலி உறை.

பள்ளிக்கூட மண்டபத்தின் மூலையில் எங்கள் பாய் கிடந்தது. சுங்கை சிப்புட் எஸ்டேட்டில் இருந்த வீட்டை ஆறு கொண்டுபோனதிலிருந்து, ஒரு வாரமாக அந்தப் பாய்தான் எங்களுக்கு வீடு.

“வாசல்ல வைக்கச் சொன்னாங்களே, எங்க வைக்கட்டும்?” என்றேன்.

காத்தாயி பாயோரம் கிடந்த செருப்புகளைத் தள்ளி இடம் விட்டாள்.