ஏழு ஓட்டுக்கு நன்றி

ஏரிச் சபைக்கு இரண்டு முறை ஜெயித்த ஆமை, மூன்றாம் முறை ஏழே ஓட்டு வாங்கித் தோற்றது. இனியும் நிற்பதா, சேற்றில் படுத்துக் கிடப்பதா என்று அதற்கே தெரியவில்லை. இருந்தாலும் நன்றி சொல்லக் கிளம்பியது.

"தோத்தவன் எங்கயாவது நன்றி சொல்லப் போவானா, தலைவரே? ஊரே சிரிக்கும்" என்றது கூடமாட இருந்த தவளை.

"ஏழு பேர் போட்டிருக்காங்கல்ல? வாயை மூடிக்கிட்டு வா."

எந்த ஏழு பேர் என்று தெரியாததால் இரண்டும் வீடு வீடாகப் போயின. கொக்கு, "என் ஓட்டு உங்களுக்குத்தான்" என்றது. கெண்டையும் அதையே சொன்னது. சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் அப்படிச் சொல்லிவிட்டார்கள். தவளை விழுந்து விழுந்து சிரித்தது.

கடைசி வளையில் இருந்த நண்டு மட்டும் சீறியது. "நான் போடலை. மதகு அடைச்சு ரெண்டு வருஷமாச்சு. எட்டிப் பார்த்தியா நீ?"

ஆமைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா, ஒருத்தனாவது உண்மையைச் சொன்னான். மதகைக் காட்டு."

"இப்பதான் நீ மெம்பர் இல்லையே?"

"இருந்தப்போ கிழிக்கலை. இப்பவாவது செய்றேன், நகரு."

மறுநாள் மதியம் சேறு விலகி, தண்ணீர் திமுதிமுவென்று பாய்ந்தது. நண்டு வளையிலிருந்து கத்தியது:

"யோவ், எட்டாவது ஓட்டு என்னுது!"