குதிரைக்குப் போன கை

பாலிகே சந்தைக்குப் பின்னாலுள்ள காப்பிக்கடையில், சர்ச் விட்டு வந்த கூட்டம் ஒரே ஒரு சதுரங்கப் பலகையைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கிறது. வெள்ளைக்காய் ஆடும் பர்டோமுவான், ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தூக்கிப் பலகை அதிர இரண்டு கட்டம் தள்ளி அறைகிறார். இன்று அவரை இன்னும் யாரும் ஜெயிக்கவில்லை. தோற்ற நான்கு பேரும் காதுகளில் துணி கிளிப்போடு காப்பி உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கடையின் சட்டம் அது. "நீயும் சிப்பாயை எதிர்ல வை தங்கச்சி. வாராவாரம் அதானே வைப்பே?" கால் மேல் கால் போட்டிருக்கிறார், பார்வை தெருவில் இருக்கிறது. எதிரே கறுப்புக்காய் ஆடும் தியுர்மாவின் கை சிப்பாய்க்கு மேலே போய் நிற்கிறது. விரல் பட்டுவிட்டால் அதையே நகர்த்தியாக வேண்டும். தகரக் கூரையின் ஓட்டை வழியாக இறங்கிய வெயில் சரியாக அந்தச் சிப்பாயின் தலையில் குந்தியிருக்கிறது. "வைம்மா, காப்பி ஆறுது!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்துகிறான். போன ஞாயிறும் இதே சிப்பாயை வைத்துத்தான் தோற்றாள். நினைத்ததும் காது மடல் சுடுகிறது. கை சட்டென்று விலகிப் பின்வரிசைக் குதிரையைப் பிடிக்கிறது. சிப்பாய்களின் தலைக்கு மேலே தாவி வந்து டக்கென்று இறங்குகிறது குதிரை. அடுத்த நொடி கூரை பிய்த்துக்கொள்ளும்படி கூச்சல். பர்டோமுவான் மேலே போட்ட காலை இறக்கி, நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுகிறார். "ஏ தங்கச்சி, யாரு சொல்லிக் குடுத்தா இதை?" தியுர்மா கைப்பையைத் திறந்து, ஒரு மரக் கிளிப்பை எடுத்து, அவருடைய காப்பி டம்ளர் பக்கத்தில் வைக்கிறாள். "இதுதாண்ணே. போன வாரம் நீங்க என் காதுல மாட்டினது."