பன்னிரண்டாவது ஆள்

எத்தனை பேர் செத்தால் செய்தி என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் கூடி முடிவு செய்த பட்டியல் நிருபர் ஜெசிந்தாவின் போனில் இருந்தது. நார்வே என்றால் ஒருவர். பிரான்ஸ் என்றால் இரண்டு பேர். சாத்தூர் என்றால் பன்னிரண்டு பேர், அதுவும் ஒரே நாளில், மாலை ஆறு மணிக்குள்.

காலையில் பட்டாசு ஆலை வெடித்ததில் இதுவரை பதினொரு பேர் போயிருந்தார்கள்.

"ஒண்ணு குறையுதே மேடம்," என்று பத்திரிகை டெஸ்க்கிலிருந்து போனில் சலித்துக்கொண்டார்கள்.

தீக்காய வார்டில் அய்யனார் மட்டும் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி மாரிக்கனி ஜெசிந்தாவை வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

"செய்தி வந்தா ஆலையப் பூட்டிருவாங்களாம்மா?"

"வெளிநாட்டுல வந்துட்டா உடனே பூட்டிருவாங்கக்கா. ஆனா ஆறு மணிக்குள்ள கணக்கு பன்னெண்டு ஆகணும். வரலைன்னா மிச்ச ஷெட்டெல்லாம் நாளைக்கே ஓடும்."

"எம்மக ஆறாம் நம்பர் ஷெட்டு. காலைல வரச் சொல்லி போன் வந்துருச்சு. போகாதன்னா கேக்க மாட்டா."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"பொழைக்க மாட்டாராம். ஆனா விடியிற வரைக்கும் தாங்குவாராம்."

மாரிக்கனி கண்ணாடிக் கதவு வழியே கணவனையும் அவர் மூக்கில் செருகியிருந்த ஆக்சிஜன் குழாயையும் பார்த்தாள்.

"இப்ப மணி என்னம்மா?"

"அஞ்சே கால்."

"நீ இங்கனயே இரு. யாரையும் விட்டுறாத."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜெசிந்தா கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, 'பன்னிரண்டு பேர் பலி' என்று தலைப்பை அடிக்கத் தொடங்கினாள்.