பெயர் வரும் பக்கம்

“அபராதம்! எடு லா அஞ்சு காசு!” என்று சித்தி ஆயிஷா கத்த, கூடமே கொல்லென்று சிரித்தது.

குணவதி வெட்கத்தோடு முந்தானை முடிச்சை அவிழ்த்து, அஞ்சு காசை எடுத்து பிஸ்கட் டின்னில் போட்டாள்.

அபராதம் கட்டுகிறவளுக்கு இத்தனை சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம், சந்தோஷம்தான்.

சனிக்கிழமை மத்தியானம் சமையலை முடித்த கையோடு, ஜெலுத்தோங் பெண்கள் சித்தி ஆயிஷா வீட்டில் கூடிவிடுவார்கள். கப்பலில் வந்த ஒரு நாவல் இருந்தது. எழுத்துத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் உரக்க வாசிப்பார்கள், வாசித்ததற்குக் காசும் போடுவார்கள். கேட்கிறவர்கள் முடிந்ததைப் போடுவார்கள். அச்சில் இருக்கும் சொல்லை மாற்றினால் அபராதம்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களை விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. புருஷனைப் பறிகொடுத்து நடுத்தெருவில் நின்ற பெண்களை ஊருக்கு அனுப்பக் கப்பல் செலவுக்குத்தான் அந்த டின்.

வந்த வினை என்னவென்றால், நாவலில் கதாநாயகன் பெயர் அர்ஜுனன். துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்க்கும் குணவதியின் வீட்டுக்காரர் பெயரும் அதேதான்.

கட்டினவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் அதை எப்படி வாய்விட்டு வாசிப்பாள்? ‘அர்ஜுனன் வந்தான்’ என்று அச்சில் இருந்தால், ‘அவுங்க வந்தாங்க’ என்பாள். அந்தப் படுபாவியோ வரிக்கு வரி வந்து நின்றான். அவளும் காசைக் கட்டிக்கொண்டே வாசித்தாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வயிறு திறக்கவில்லை. இன்னொருத்தியைக் கட்டிக்கொள் என்று நாகப்பட்டினத்திலிருந்து மாமியார் மகனை அரித்துக்கொண்டே இருந்தாள். உன்னைத் தவிர எவளும் கிடையாது என்று அவர் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்திருந்தார். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் குணவதி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். நாலு பேர் முன்னால் ‘அவுங்க’ என்று சொல்லும்போதெல்லாம், அவர் என்னுடையவர்தான் என்று தனக்கே சொல்லிக்கொள்வது போல இருக்கும் அவளுக்கு.

அடுத்த பக்கம் புஷ்பவள்ளியுடையது.

புஷ்பவள்ளி, குணவதி வீட்டுப் பின்னறையில் இருப்பவள். அவள் புருஷன் சுப்பையா காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. டின்னில் சேர்ந்த முதல் பணத்தில் அவளைத்தான் கப்பலேற்றுவதாக இருந்தார்கள். உங்களை விட்டுவிட்டு எங்கே போவேன் அக்கா என்று குணவதியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் அழுதது பொறுக்காமல் குணவதியும் அழுது, கூடவே வைத்துக்கொண்டாள்.

புத்தகத்தை அவள் கையில் கொடுக்கப்போன குணவதி, பக்கத்தை ஒரு பார்வை பார்த்தாள். படகோட்டி ஒருத்தன் வருகிறான், அவன் பெயர் சுப்பையா.

ஐயோ, பச்சைப் புண்ணாச்சே! செத்துப்போன புருஷன் பெயரை எப்படி வாசிப்பாள் பாவம்?

“இந்தப் பக்கத்தையும் நானே வாசிச்சிடுறேண்டி.”

“பரவால்லக்கா, குடுங்க” என்று வாங்கிக்கொண்டாள் புஷ்பவள்ளி.

கூடத்தில் எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

படகோட்டி சுப்பையா துடுப்பைப் போட்டான், சுப்பையா கரையைப் பார்த்தான் என்று அவள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டு போனாள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

நெஞ்சழுத்தக்காரிதான் என்று குணவதிக்குச் சுருக்கென்றது. பிறகு, மறந்தால்தானே இவளும் பிழைக்க முடியும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

புஷ்பவள்ளியின் விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.

அங்கே நின்றது. தலை தானாகக் குனிந்தது. குரலும் தணிந்துபோனது.

“அவுங்க படகை விட்டு இறங்குனாங்க.”

“அபராதம்!” என்று சித்தி ஆயிஷா பழக்கதோஷத்தில் கத்திவிட்டாள்.

குணவதி அக்காவைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து யாரோ சிரித்தார்கள். கேலி செய்தவள் சிரிக்கவில்லையே என்று பார்த்தபோது, சிரித்தவர்கள் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார்கள்.

தான் சொன்னது புஷ்பவள்ளியின் காதிலேயே அப்போதுதான் விழுந்திருக்க வேண்டும். முந்தானை முடிச்சைத் தேடிப்போன கை, பாதியில் திரும்பி வந்து வாயைப் பொத்திக்கொண்டது.

குணவதிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. தன் பெயரை யாரோ தவறாகக் கூப்பிட்டது போல விழித்தாள்.

பிறகுதான் விளங்கியது. அடிப்பாவி, என் வீட்டுக் கூரைக்குக் கீழேயா? சூடம் அணைந்து எத்தனை நாளில்? எல்லோர் முன்னிலும் தன் தாலிச்சரட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது.

“குணவதி…” என்று எழுந்து வந்தாள் சித்தி ஆயிஷா.

குணவதி கையை நீட்டினாள். புஷ்பவள்ளி நிமிராமலே புத்தகத்தைக் கொடுத்தாள்.

அந்த வரியைக் கண்டுபிடித்து, விரல் வைத்து, அச்சில் இருந்தபடியே, கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி குணவதி வாசித்தாள்.

“அர்ஜுனன் படகை விட்டு இறங்கினான்.”