நின்றுபோன பாதி

மருத்துவமனை சர்வரில் இரண்டு ஹார்டு டிஸ்குகளும் எப்போதும் ஒன்றையே எழுதிக்கொண்டிருக்கும்; ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். அவற்றைப் புதிய இடங்களுக்கு மாற்றிச் செருகிக்கொண்டிருந்தபோதுதான் ஞானசெல்விக்கு, கணவன் இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து போன் வந்தது. இரண்டாவதை முழுக்க அழுத்தாமலே மாடிக்கு ஓடினாள்.

கணவனை அடக்கம் செய்து, விடுப்பும் முடிந்து அவள் திரும்பியபோது, உடன் வேலை செய்யும் இசக்கி அந்த இரண்டாவது டிஸ்கைக் காட்டினான். "எக்கா, இது சரியா உக்காரல. அன்னைக்கே நின்னுட்டு. ஒருத்தரும் கவனிக்கல."

அழுத்தினாள். டக்கென்று பொருந்தியது. இரண்டும் ஒத்துப்போகவில்லை, எதிலிருந்து எதற்கு நகலெடுக்க என்று மென்பொருள் கேட்டது. அவள் அன்றைக்கே நின்றுபோன பழையதைத் திறந்தாள். ஐந்தாம் படுக்கை, அவள் கணவன் தேவசகாயம். நாடித்துடிப்பு இருந்தது. காலையில் கஞ்சி கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"புதுசுலேருந்து ஏத்திருங்கக்கா," என்றான் இசக்கி, தலையைத் தூக்காமல். "பழசுல கெடக்கது பூரா தப்பு."

அவள் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

"இதுல என்னடே தப்பு?" என்றாள். "காலையில கஞ்சி குடுக்கலாம்னுதானே எழுதிருக்காங்க."